வெளியே பார்த்தாயிற்றா: ஏழாவது வரி வந்த கதை

சென்ற மாதம் பிரியா போன் செய்தாள். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வெப்சைட்டை இப்போது கவனித்துக்கொள்பவள் அவள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், பாதி இந்தியில்.

"ஆன்ட்டி, புது சைட் வெள்ளிக்கிழமை லைவ் போகுது. அந்த செக்லிஸ்ட்ல ஏழாவதா ஒரு லைன் இருக்கு இல்ல, அத ஹட்டா தூன் க்யா? யாருக்கும் அதோட மத்லபே தெரியல."

அர்த்தமே யாருக்கும் தெரியவில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்கிறாள். "ஏட்டி, அதுல கைய வச்சே, நேர்ல வந்து காதத் திருகிருவேன்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் அலுவலகத்தில் எந்தப் பக்கத்தை வெப்சைட்டில் ஏற்றுவதானாலும் ஒரு செக்லிஸ்ட் தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வரிகள் அச்சில் இருக்கும். ஏழாவது வரியை முதன்முதலில் ஒருவர் சிவப்புப் பென்சிலால் கையால் எழுதினார். 'பாஹர் தேகா?' வெளியே பார்த்தாயிற்றா என்று பொருள். அந்த வரி என் தப்பால் வந்தது. அதனால் அதைப் பற்றி எழுத வேண்டியவளும் நான்தான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்தேன், ஸ்டெனோவாக அரசு வேலைக்குள் நுழைந்தேன். அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் தேர்வு செய்யும் அலுவலகம் அது. பெயர் வேண்டாம். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே இன்டர்நெட் வந்தது. ஒரே ஒரு மோடம், அதுவும் செக்‌ஷன் போன் லைனில். யாராவது ரிசீவரைத் தூக்கினால் எல்லாம் அறுந்துவிடும். அதனால் பக்கம் ஏற்றும்போது போன் மேல் 'தொடாதே' என்று இந்தியில் எழுதிய அட்டையைக் கவிழ்த்து வைப்பேன். ஒருமுறை அதையும் மீறி எடுத்த ஜாயின்ட் டைரக்டரிடம் நான் கத்தியது மூன்று மாடிக்குக் கேட்டதாகச் சொல்வார்கள். இரண்டு மாடிக்குத்தான் கேட்டிருக்கும்.

எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். யாரோ செய்த பக்கத்தைத் திறந்து, அதன் பின்னால் எழுதியிருக்கும் கட்டளைகளைப் பிரிண்ட் எடுப்பேன். ஜனக்புரி பஸ்ஸில் இடம் கிடைத்தால் மடியில் வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன வேலை செய்கிறது என்று பென்சிலில் எழுதுவேன். மறுநாள் மதிய இடைவேளையில் ஒரு வரியை அழித்துவிட்டு, எது உடைகிறது என்று பார்ப்பேன். இப்படி இரண்டு வருடம். இதைவிடச் சுருக்கமான வழி இருக்கலாம். எனக்குத் தெரியாது.

வெப்சைட் வேலைக்கென்று ஒரு பதவி உருவானபோது தற்காலிகமாக என்னைப் போட்டார்கள். நிரந்தரமாக்கும் கோப்பு மேலே ஒவ்வொரு மேஜையாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கோப்பு எந்த மேஜையில் இருக்கிறது என்பது என் வீட்டுக்காரருக்குக்கூட மனப்பாடம்.

என் மேலதிகாரி பட்நாகர் சாஹிப். அவர் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இருபது வருடம் அரசு அச்சகத்தில் புரூஃப் பார்த்துவிட்டு வந்தவர். மார்ச் முடியும்வரை கையில்லாத ஸ்வெட்டர், சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் பேனாவை மூடி மேஜையில் நேராக வைப்பார். அந்த மூடி விழும் 'டிக்' சத்தத்துக்கு செக்‌ஷனே நடுங்கும்.

கம்ப்யூட்டர் தெரியாதவரிடம் வெப்சைட்டா என்று முதலில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் அவருடைய முறை ஒன்று இருந்தது. தேர்வு முடிவு என்றால் முதலில் 'காலிங்'. நான் பிரிண்ட் எடுத்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு ரோல் நம்பரையும் இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும். அவர் கையெழுத்தான மூலப் பட்டியலில் டிக் போடுவார். பிறகு மாற்றிக்கொள்வோம். அவர் வாசிப்பார், நான் டிக் போடுவேன். நடுவில் யாராவது உள்ளே வந்து நமஸ்தே சொன்னால் அந்தப் பக்கம் முதலிலிருந்து. தும்மினாலும் முதலிலிருந்து. ஒருமுறை எனக்கு ஜலதோஷம். அன்று நான்கு பக்கம் முடிக்க முழு நாள் ஆனது.

"மங்கை ஜி, ஒரு நம்பர் என்றால் ஒரு வீடு. வீட்டை நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது" என்பார் இந்தியில்.

படம், பளபளப்பு எதற்கும் மசிய மாட்டார். புது டைரக்டர் தன் போட்டோ முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று அனுப்பினார். மோடத்தில் அது திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பட்நாகர் சாஹிப் என்னைக் கைக்கடிகாரம் வைத்து எழுதச் சொன்னார். அந்தக் குறிப்பைப் போட்டோவுடன் சேர்த்து மேலே திருப்பி அனுப்பினார். போட்டோ மறுபடி வரவில்லை. மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை என்று அன்று புரிந்தது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

நர்ஸ் வேலைக்கான தேர்வு முடிவு. அதுவரை தேர்வானவர்களுக்குத் தபால் போகும். அந்த முறைதான் முதன்முதலாக, முடிவு வெப்சைட்டிலும் அலுவலக நோட்டீஸ் போர்டிலும் மட்டும், தனித் தபால் கிடையாது என்று விளம்பரத்திலேயே போட்டுவிட்டார்கள். முடிவு வந்த பத்து நாளுக்குள் சான்றிதழோடு நேரில் வராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

பக்கத்தில் மூன்று அட்டவணைகள், பிரிவுக்கு ஒன்று. காலிங் இரண்டு முறை முடிந்தது. ஒரு நம்பர்கூடப் பிசகவில்லை. ஆறு வரியும் நிரப்பியாயிற்று. எனக்கென்று இன்னொரு பழக்கம் இருந்தது. அந்தக் காலத்தில் இணையப் பக்கங்களைத் திறக்க இரண்டு பிரௌசர்கள் புழக்கத்தில் இருந்தன. என் கம்ப்யூட்டரில் ஒன்று. மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் மற்றொன்று. எதை ஏற்றினாலும் அந்தப் பழைய பெட்டியிலும் ஒருமுறை பார்ப்பேன். அது கண் விழிக்கவே பத்து நிமிடம் எடுக்கும். நான்கு மணிக்கு முடிவு வரும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அப்போது மணி மூன்று ஐம்பது.

'அதான் நம்பரெல்லாம் சரியா இருக்கே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்டியை எழுப்பவில்லை. ஏற்றினேன். பார்த்தவர் எண்ணிக்கை மளமளவென்று ஏறியதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

பதிமூன்றாம் நாள் காலை, கீழே கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண்ணை என்னிடம் அனுப்பினார்கள். 'இந்தம்மா வெப்சைட்ல நம்பர் இல்லன்னு சண்டை போடுது, காட்டி அனுப்பு' என்று தகவல். வெள்ளைச் சேலை, கையில் டிபன் கூடை. கரோல் பாகில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் டியூட்டி முடித்து நேராக வந்திருக்கிறாள். பெயர் ஸ்டெல்லா. நாகர்கோவில் பக்கம். என் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் தமிழில் பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, எனக்க நம்பரு அதுல இல்ல. ஆனா சர்டிபிகேட் காட்ட வந்த எனக்க கூட்டுக்காரி சொல்லுதா, ஸ்டெல்லான்னு மூணு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டாவளாம். ஆள் வரலன்னு எழுதிட்டாவளாம்."

நான் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது அட்டவணையில், மேலிருந்து நான்காவதாக அவள் நம்பர் இருந்தது. விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இது என்னம்மா? கண்ணத் தொறந்து பாத்திருக்கணும்லா?"

இதைச் சொன்னது நான்தான். எழுதக் கூசுகிறது, ஆனாலும் சொன்னேன்.

அவள் திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அழவில்லை, கத்தவில்லை. நிதானமாகச் சொன்னாள்.

"நான் பாத்தப்ப இது இல்லக்கா. மூணாவது லிஸ்ட்டுன்னு தலைப்பு மட்டும் இருந்து. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல, வெறும் வெள்ளை. இந்தப் பிரிவுல ஆரையும் எடுக்கல போலன்னு நெனச்சேன். போன் போட்டுக் கேப்பமேன்னு கடைசி வரைக்கும் தேடினேன். உங்க ஆபீஸ் அட்ரஸ், போன் நம்பர் ஒண்ணுமே இல்ல."

நான் செய்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அலுவலக முகவரியும் போன் நம்பரும் இருக்கும். அது இல்லாமல் நான் பக்கம் செய்ததே கிடையாது. கவனமில்லாமல் பார்த்தவள் நம்பரைத் தவற விடலாம். முகவரி இல்லை என்று கற்பனை செய்ய மாட்டாள். இவள் பார்த்தது உண்மை.

"வயசு என்னம்மா?"

"வாற மாசத்தோட லிமிட் தாண்டிருதுக்கா. இதுதான் கடைசி. வீட்ல நான் ஒருத்திதான் சம்பாத்தியம்."

"எங்க பாத்தே?"

"கரோல் பாக்ல, எங்க ஹாஸ்பிட்டல் பக்கத்துல உள்ள சைபர் கஃபேல."

"வா" என்று கைப்பையை எடுத்தேன்.

ஆட்டோ பிடித்துப் போனோம். மாடிப்படிக்கு அடியில் ஐந்து கம்ப்யூட்டர் போட்ட கடை. அவள் அன்று உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தேன். இங்கே இருந்தது அந்த மற்ற பிரௌசர், எங்கள் பழைய பெட்டியில் இருப்பது. முதல் அட்டவணை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதின் தலைப்பு வந்தது. அதற்குக் கீழே வெள்ளை. அலுவலக முகவரியும் இல்லை, போன் நம்பரும் இல்லை. அவள் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது.

காரணம் தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அட்டவணை இங்கே தொடங்குகிறது என்று ஒரு கட்டளை எழுதுவோம். இங்கே முடிகிறது என்று இன்னொன்று எழுதுவோம். மூன்றாவது அட்டவணைக்கு முடிவுக் கட்டளையை நான் போடவில்லை. எட்டே எட்டு எழுத்து. என் கம்ப்யூட்டரில் இருந்த பிரௌசர், போனால் போகிறது என்று தானே முடித்துக் காட்டிவிட்டது. இந்த பிரௌசர் கறார். முடிவு வரும்வரை காத்திருக்கும், வராவிட்டால் அந்த அட்டவணையையும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் காட்டாது. நாங்கள் இரண்டு பேர் தும்மாமல் இருமாமல் வாசித்தது எல்லாம் நம்பர்களை. அதுவும் என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிரிண்டை.

அந்தத் திரையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். தாளின் ஓரத்தில் வெப்சைட்டின் பெயரும் தேதியும் விழுந்திருந்தன.

திரும்பும் வழியில் எனக்குள் ஒரு குரல் பேசியது, மறைக்காமல் சொல்கிறேன். அலுவலகம் போய் அந்த எட்டு எழுத்தைச் சேர்த்தால் இரண்டு நிமிட வேலை. எல்லா பிரௌசரிலும் சரியாகிவிடும். தப்பு நடந்ததற்கு அடையாளமே இருக்காது. என் கோப்பு அப்போது கடைசிக்கு முந்தின மேஜையில் இருந்தது. பக்கத்தில் ஸ்டெல்லா டிபன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அதைச் சரிசெய்த நிமிடம் இவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். சரிசெய்வதில்லை என்று ஆட்டோவிலேயே முடிவு செய்தேன். பட்நாகர் சாஹிப் தன் கண்ணால் பார்க்கும்வரை அந்தப் பக்கம் உடைந்தபடியே இருக்கட்டும்.

போனதும் மூலையில் இருந்த பழைய பெட்டியைப் போட்டேன். அது கண் விழிக்கும்வரை அவரை அதன் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கம் திறந்தது. அவர் வெள்ளையாகக் கிடந்த அந்த இடத்தையே பார்த்தார். பிறகு கஃபே பிரிண்டைப் பார்த்தார். பேனாவை மூடினார். டிக்.

"நீங்கள் இதை வெளியே போய்ப் பார்த்தீர்களா, ஏற்றிய அன்று?"

"இல்லை, சார். இந்தப் பெட்டியில்கூடப் பார்க்கவில்லை. நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன்."

"லிக் கே தீஜியே" என்றார். எழுதிக் கொடுங்கள்.

நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவர் என் மேஜைக்கே வந்து நின்றார். அவர் யார் மேஜைக்கும் போய் நிற்கிறவர் இல்லை.

"மங்கை ஜி, உங்கள் கோப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் குறிப்பு அதோடு போய்ச் சேரும். திரும்ப ஸ்டெனோ பூலுக்கே, பழைய தட்டச்சு வேலைக்கே போக நேரலாம். பொதுவாக 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதினாலும் நான் வாங்கிக்கொள்வேன்."

"கோளாறு என்று எழுதினால், சார், மேலே என்ன கேட்பார்கள்? மற்றவர்களுக்குத் தெரிந்தது இவளுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்பார்கள். என்ன விடுபட்டது, யார் விட்டது என்று எழுதினால்தான் தேதியை நீட்டுவார்கள்."

நான் ஒரு பக்கம் எழுதினேன். எந்த வரி விடுபட்டது, யார் விட்டது, எந்த வழக்கமான சோதனையை எத்தனை மணிக்குச் செய்யாமல் தவிர்த்தேன், எல்லாம். அடியில் கையெழுத்துப் போட்டேன். பயம்தான். தியாகம், கியாகம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் தப்புக்கு அவள் இடம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

அவர் அதை வாங்கி, அடியில் தன் சிறிய கையெழுத்தில் இரண்டு வரி சேர்த்தார். சரிபார்ப்பு முறையை வகுத்தவன் நான், அந்த முறையிலேயே குறை இருந்தது, பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று. அவருக்கு ஓய்வுபெற ஒரு வருடம்தான் பாக்கி. பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து சரிபார்ப்புத் தாளை எடுத்து, ஆறாவது வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் எழுதினார். 'பாஹர் தேகா?' எழுதிவிட்டு, "இப்போது போய்ச் சரிசெய்யுங்கள்" என்றார்.

மூன்றாவது பட்டியலில் பெயர் இருந்தும் நேரில் வராதவர்கள் எல்லாருக்கும் தந்தியும் தபாலும் போயின. தேதியை நீட்டினார்கள். ஸ்டெல்லா மட்டும் இல்லை, பதினொரு பேர் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வயது வரம்பு முடிய ஆறு நாள் இருக்கும்போது ஸ்டெல்லாவுக்கு ஆர்டர் கிடைத்தது. அதை வாங்கிய கையோடு என் செக்‌ஷனுக்கு வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிக்கப்பிடாது. பக்கத்துல எது ஒடஞ்சாலும் போன் நம்பரு மட்டும் தெரியணும். அது தெரிஞ்சிருந்தா நான் அண்ணைக்கே கேட்டிருப்பேன்லா?"

வெப்சைட் வேலையில் எனக்குக் கிடைத்த பாடங்களிலேயே பெரியது இதுதான். அன்றிலிருந்து நான் செய்த எல்லாப் பக்கங்களிலும் போன் நம்பர் மேலே, முதல் வரியில், வெறும் எழுத்தாக இருக்கும். படமாக இல்லை, அட்டவணைக்குள் இல்லை.

என் கோப்பு பட்நாகர் சாஹிப் சொன்னபடியே ஆயிற்று. நான் ஸ்டெனோ பூலுக்குத் திரும்பினேன். வெப்சைட் வேலைக்கு வேறொருவரைப் போட்டார்கள். வீட்டில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு எனக்கு வீம்பு வந்துவிட்டது. இந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் நான் விட்டுவிடுவேனா? சனிக்கிழமைதோறும் ஒரு சைபர் கஃபே. ஒரு வாரம் ஜனக்புரி, ஒரு வாரம் கரோல் பாக், ஒரு வாரம் கோல் மார்க்கெட். எங்கள் அலுவலக வெப்சைட்டை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, எது உடைந்திருக்கிறது, எது திறக்கவில்லை, எங்கே போன் நம்பர் இல்லை என்று எழுதி, திங்கள்கிழமை காலை குறிப்பாகத் தட்டச்சு செய்து முறைப்படி மேலே அனுப்புவேன். தட்டச்சு செய்வதுதானே ஸ்டெனோ வேலை. யாரால் குற்றம் சொல்ல முடியும்?

ஒன்றரை வருடம் அனுப்பினேன். ஒரு திங்கள் தவறவில்லை. கடைசியில் அந்தப் புது ஆள் என் மேஜைக்கு வந்து கை கூப்பினார். "மேடம், நீங்களே இதை எடுத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை வந்தாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது" என்று இந்தியில் சொன்னார். அவரே எழுதிக் கொடுத்தார். நான் வேலைக்குத் திரும்பினேன், பின்னர் நிரந்தரமும் ஆனேன், ஓய்வுபெறும்வரை அங்கேதான்.

இதையெல்லாம் பிரியாவிடம் போனில் சொன்னேன். "சரி ஆன்ட்டி, லைன் இருக்கட்டும்" என்றாள். குரலில் நம்பிக்கை இல்லை. இப்போது நூறு வகைப் போனில் எப்படித் தெரியும் என்று தானாகவே சோதிக்கும் மென்பொருள் இருக்கிறதாம். இருக்கட்டும், நல்லதுதான்.

வெள்ளிக்கிழமை புது சைட் வந்தது. என் போனில் ஜோராக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு காலனி கேட்டுக்குப் போனேன். அங்கே காவலுக்கு இருக்கும் தேவ்ராஜின் மகள் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அவரிடம் திரை விரிசல் விட்ட பழைய போன். வாங்கித் திறந்தேன். தேர்வுப் பட்டியல் வந்தது. மேலே போன் நம்பர் இல்லை, புது வடிவத்தில் அதை அடிக்குத் தள்ளிவிட்டார்கள். அடிக்குப் போனேன். ஒரு நீலப் பட்டை எழும்பி அந்த நம்பரை மூடிக்கொண்டு நின்றது. எப்படித் தள்ளியும் நகரவில்லை.

அங்கிருந்தே பிரியாவைக் கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆச்சே."

"ஏழாவது வரியில யாரு கையெழுத்து?"

"காலியா இருக்கு, ஆன்ட்டி."

"அப்ப எங்க காலனி கேட்டுக்கு வா. போன் இங்க இருக்கு."

மெட்ரோ பிடித்து ஒன்றரை மணி நேரத்தில் வந்தாள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தேவ்ராஜின் நாற்காலிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவளே மூன்று முறை மாற்றினாள், மூன்று முறையும் அவர் போனை வாங்கிப் பார்த்தாள். நான்காவது முறை நம்பர் மேலே, முதல் வரியில், வெறும் எழுத்தாக வந்தது. "பையா, ஸரா மிலாவோ" என்று, அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லிப் போனை அவரிடமே நீட்டினாள். தேவ்ராஜ் அந்த எண்ணை விரலால் தொட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"கண்டி பஜ் ரஹீ ஹை" என்றார். மணி அடிக்கிறது.

பிரியா பையிலிருந்து ஏழாவது வரி காலியாக இருந்த அந்தத் தாளை எடுத்தாள். பேனா இல்லை என்று என்னிடம் கேட்டு வாங்கினாள்.